கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்குப் பணம் கட்டலாமா?

கோடை விடுமுறையிலும் நத்தார் விடுமுறையிலும் குரூஸ் கப்பலில் போய்வருவது புலம்பெயர்ந்த எம்மவர் மத்தியில் இப்போது வழக்கமாகிவிட்டது. அறுபதாம் கலியாணம், பெற்றோரின் பொன்விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று ஒரே கப்பலில் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து ஏறுகிறார்கள். மயாமியிலோ சவுத்ஹாம்டனிலோ பார்சலோனாவிலோ புறப்பட்ட கப்பல் திரும்பி வர ஓரிரு நாட்கள் இருக்கும்போது, அதன் நடுமண்டபத்தில் ஒரு மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். அடுத்த பயணத்தை விற்கும் மேசை அது. கரைக்குப் போய்விட்டால் இந்தச் சலுகை கிடைக்காது என்பதே அங்கு எல்லோருக்கும் சொல்லப்படும் செய்தி.

கணக்கு வேலை செய்பவர்கள் என்பதால் இது இலாபமா என்று எம்மிடம் கேட்பவர்கள் அதிகம். நாம் சொல்லும் பதில் சுருக்கமானது. கொடுக்கும் முற்பணம் கேட்டவுடன் பணமாகவே திரும்பி வருமென்றால் பதிவு செய்யலாம். வராது என்றால் எம்மவரில் பெரும்பாலானோர் விட்டுவிடுவதே நல்லது. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மேசையில் விற்கப்படுபவை இரண்டு

ஒன்று, குறிப்பிட்ட கப்பல், குறிப்பிட்ட திகதி, குறிப்பிட்ட அறை. இது கரையில் முகவரிடம் செய்யும் பதிவைப் போன்றதுதான். மற்றது, கப்பலோ திகதியோ தீர்மானிக்காமல் கொடுத்துவைக்கும் வைப்புப் பணம். பின்னர் எப்போதாவது ஒரு பயணத்தைத் தெரிவுசெய்யும்போது அதை முற்பணமாகக் கழிப்பார்கள். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே ஆள், ஒரே புன்னகையோடு விற்பதால் பலர் தாம் எதை வாங்கினோம் என்று தெரியாமலே வீட்டுக்கு வருகிறார்கள்.

நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகள் வேறு. பிரின்செஸ் கப்பல்களில் நீண்டகாலமாக இருந்துவரும் முறை, ஆளுக்கு 100 அமெரிக்க டொலர் வைப்பு. அதை இரண்டு ஆண்டுகளுக்குள் பயன்படுத்தாவிட்டால் பணம் திரும்பி வரும். டிஸ்னி கப்பல்களில் 250 டொலர் வைப்பு வைத்தால் பின்னர் பதிவுசெய்யும் பயணத்தில் 10 வீதக் கழிவு கிடைக்கும் என்ற முறை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆனால் சில பயணங்களுக்கு அது செல்லாது. நோர்வீஜியன் குரூஸ் லைனின் ‘குரூஸ்நெக்ஸ்ட்’ கதை வேறு. அங்கே கொடுக்கும் பணத்துக்கு மேலாக வரவு வைத்துத் தருவார்கள், ஆனால் கொடுத்த பணம் பணமாகத் திரும்பாது. றோயல் கரீபியனின் ‘நெக்ஸ்ட்குரூஸ்’ மேசையில் பெரும்பாலும் குறிப்பிட்ட பயணத்தையே பதிவு செய்கிறார்கள். அங்கே மீளப்பெறக்கூடிய முற்பணம், மீளப்பெற முடியாத முற்பணம் என இரண்டு விலைகள் உண்டு. இரண்டாவது மலிவு. ஆனால் கப்பலையோ திகதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 டொலர் பிடிப்பார்கள். இரத்துச் செய்தால் மீதியும் காசாக வராது, இன்னொரு பயணத்துக்கான வரவாகத்தான் வரும்.

இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் மைத்துனர் சொன்னதை வைத்துக்கொண்டு இந்த வருடம் கையொப்பம் இடக்கூடாது.

அன்பளிப்பின் உண்மையான பெறுமதி

கப்பலில் பதிவு செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ‘ஒன்போர்ட் கிறெடிட்’ எனப்படும் வரவு. அடுத்த பயணத்தில் கப்பலுக்குள்ளே குளிர்பானம், இணைய வசதி, கரைச்சுற்றுலா போன்றவற்றுக்கு அதைச் செலவழிக்கலாம். காசாக எடுக்க முடியாது. கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் பெரும்பாலும் அழிந்துபோகும். ஊழியர் அன்பளிப்புக்கு அதைக் கழிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பெரிய கப்பல்களில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர்வரை எப்படியும் கட்டவேண்டிய செலவு. அதற்குக் கழிக்க முடிந்தால் வரவு காசுக்குச் சமம். முடியாவிட்டால் தேவையில்லாத பொருளை வாங்க வைக்கும் கூப்பன்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கு ஏழு இரவுப் பயணம் 3,600 அமெரிக்க டொலர் என்றும், கப்பலில் பதிவு செய்ததற்கு 100 டொலர் வரவு என்றும் வைத்துக்கொள்வோம். இது 2.8 வீதம். கனடாவில் பெரும்பாலான கடனட்டைகள் வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவுக்கு 2.5 வீதம் மேலதிகமாக அறவிடுகின்றன. 3,600 க்கு அது 90 டொலர். மிஞ்சுவது 10 டொலர். 500 டொலர் முற்பணம் பதினெட்டு மாதம் அவர்களிடம் கிடக்கிறது, 4 வீத வட்டியில் அது 30 டொலர். அன்பளிப்பு 20 டொலர் நட்டத்தில் முடிந்துவிட்டது.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவரவில்லை. மேலதிகக் கட்டணம் இல்லாத கடனட்டை வைத்திருந்தால் கணக்கு மாறும். கனேடிய டொலரிலோ பவுண்டிலோ பதிவை வைக்க முடியுமா என்று கேட்டால் சில நிறுவனங்கள் சம்மதிக்கும். அப்போதும் நிறுவனம் போடும் நாணயமாற்று வீதம் அந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் என்பதால் இரண்டு விலைகளையும் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, ஸ்காபுறோவிலோ ஹரோவிலோ உள்ள எமது பயண முகவர்கள் தமது தரகிலிருந்து ஒரு பங்கை இதே மாதிரி வரவாகக் கொடுப்பதுண்டு. கப்பல் மேசையில் கிடைப்பதை முகவரின் விலையோடு ஒப்பிடாமல் சலுகை என்று சொல்வதில் அர்த்தமில்லை. மேசையில் இருப்பவர்களில் பலருக்கும் விற்பனைக்கு ஏற்ற தரகு உண்டு. அதில் தப்பில்லை, தெரிந்துகொண்டு பேசினால் போதும்.

உண்மையான இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. மீளப்பெறக்கூடிய பதிவென்றால், பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்னர் வரும் இறுதிக் கொடுப்பனவுத் திகதிவரை நட்டமில்லாமல் விலகலாம். இடையில் விலை குறைந்தால் குறைந்த விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம், பல நிறுவனங்கள் செய்கின்றன. பாடசாலை விடுமுறைக் காலத்தில் நான்கு பேருக்கான அறையும், பக்கத்துப் பக்கத்து அறைகளும் முதலில் முடிந்துவிடும். பேரப்பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு அந்த அறை கையில் இருப்பதே 100 டொலர் வரவைவிடப் பெரிது.

பணம் யாருடைய ஐந்தொகையில் கிடக்கிறது

வர்த்தகமாணி படித்தவர்களுக்கு இது முதலாம் ஆண்டுப் பாடம். சேவையைக் கொடுக்கும்வரை வாங்கிய முற்பணம் நிறுவனத்துக்கு வருமானம் அல்ல, பொறுப்பு. கார்னிவல் குழுமத்திடம் 2023 நவம்பர் 30 இல் இருந்த வாடிக்கையாளர் வைப்புகள் 640 கோடி அமெரிக்க டொலர். அதாவது பயணிகள் வட்டியில்லாமல் கொடுத்துவைத்திருக்கும் கடன். கப்பலிலேயே அடுத்த பயணத்தை விற்க இவ்வளவு அக்கறை ஏன் என்பதற்கு இந்த இலக்கமே போதிய விளக்கம். ஊரில் சீட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும், முதலில் கொடுப்பவருக்குத் தாச்சி மேல் நம்பிக்கை வேண்டும்.

2020 மார்ச்சில் உலகெங்கும் கப்பல்கள் நின்றபோது இந்த நம்பிக்கை சோதிக்கப்பட்டது. பல நிறுவனங்கள் முழுப்பணத்தையும் திருப்பித் தருவதற்குப் பதிலாக 125 வீதப் பெறுமதியுள்ள எதிர்காலப் பயண வரவை எடுக்கச் சொல்லிக் கேட்டன. காசைத் தக்கவைத்துக்கொள்ளும் வழி அது. பெரிய நிறுவனங்கள் கடன் வாங்கித் தப்பின. பிரித்தானியாவின் டில்பரித் துறைமுகத்திலிருந்து கப்பல் ஓட்டிய குரூஸ் அன்ட் மரிரைம் வொயேஜஸ் 2020 ஜூலை 20 இல் நிர்வாகிகளின் கைக்குப் போய் மூடப்பட்டது. அமெரிக்க ஆறுகளில் ஓடிய அமெரிக்கன் குயின் வொயேஜஸ் 2024 பெப்ரவரியில் மூடப்பட்டது.

இப்படி நடந்தால் பணத்தை எங்கே கேட்பது என்பது வாங்கிய இடத்தைப் பொறுத்தது. ஒன்ராறியோவில் பதிவுபெற்ற பயண முகவரிடம் வாங்கியிருந்தால், கப்பல் நிறுவனம் முறிந்தாலும் டிக்கோ எனப்படும் ஒன்ராறியோ பயணத்துறைச் சபையின் நட்டஈட்டு நிதியிடம் ஆளுக்கு 5,000 டொலர்வரை கோரலாம். கப்பல் மேசையில் நிறுவனத்திடமே நேரடியாகக் கொடுத்த பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை. பின்னர் பதிவை முகவருக்கு மாற்றினால் காப்பும் சேர்ந்து வருமா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு உதவும். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுவரை விலையுள்ள ஒன்றுக்குக் கடனட்டையில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலே அட்டை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. டெபிட் அட்டைக்கு இது பொருந்தாது.

எம் போன்றவர்களின் பயண ஆவணம்

மேசையில் யாரும் கேட்காத கேள்வி இது. 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் பயண ஆவணத்தோடு கப்பல் ஏறுபவர்கள் எம்மில் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை வரும்வரை அதுவே அவர்களின் கடவுச்சீட்டு. 2010 இல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த சன் சீ கப்பலை மறக்காத ஒரு சமூகத்துக்கு, கப்பலும் கடதாசியும் எவ்வளவு ஒட்டியவை என்று விளக்கத் தேவையில்லை.

கனடா வழங்கும் அகதிப் பயண ஆவணம், எந்த நாட்டில் துன்புறுத்தலுக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கோரினோமோ அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. இந்து சமுத்திரப் பயணங்கள் கொழும்புக்குப் போகின்றன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கோர்டேலியா நிறுவனத்தின் கப்பல் காங்கேசன்துறைக்கே வந்தது. துபாய் முதல் சிங்கப்பூர் வரை என்று அழகாக அச்சடித்த பயணத்தில் இப்படி ஒரு துறைமுகம் நடுவில் இருக்கும். கரையில் இறங்காமல் கப்பலுக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று நினைப்பது பிழை. இறங்காதவர்களுக்கும் வீசா வேண்டும் என்று சொல்லும் நாடுகள் உண்டு, இந்தியா அதில் ஒன்று. ஆவணம் போதாமல் ஏற்ற மறுத்தால் பணம் திரும்பாது என்று பயண ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். துறைமுகங்களை மாற்றும் உரிமையையும் நிறுவனமே வைத்திருக்கும். 2023 முடிவில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிய பின்னர் பல கப்பல்களின் பாதையே மாறியது.

ஆகவே குடியுரிமை விண்ணப்பம் முடிவாகாதவர்கள் குறிப்பிட்ட பயணத்தைப் பதிவு செய்யாமல், மீளப்பெறக்கூடிய திறந்த வைப்போடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்படும் கப்பலென்றால் முதலில் அமெரிக்க வீசா, பிறகுதான் முற்பணம். கனடாவில் நிரந்தர வதிவிட அட்டை இருப்பது அந்த வீசாவுக்கு ஈடாகாது.

பதினெட்டு மாதம் கழித்து உடம்பு எப்படி இருக்கும்

ஐம்பது கடந்த எம்மவரில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர்கள் குறைவு. பயணக் காப்புறுதியில் நோய் ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டிய காலம் என்று ஒன்று உண்டு. குடும்ப வைத்தியர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் நிலை மாறியதாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. சில காப்புறுதிகளை முதல் முற்பணம் கட்டிய சில நாட்களுக்குள் எடுத்தால்தான் முழு இரத்துக் காப்பும் கிடைக்கும். கப்பலில் கட்டிய முற்பணமும் அந்த நாட்கணக்கைத் தொடக்கிவைக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, உடுப்புத் தோய்த்து, பத்து நாள் கழித்து முகவரைக் கூப்பிடும்போது காலம் கடந்திருக்கலாம்.

பதிவு செய்வதென்று முடிவெடுத்தால்

கடைசிக் கடல்நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்று வரிசை நீளம், பேச நேரம் இல்லை. இரண்டாம் மூன்றாம் நாளே போனால் விதிகளை ஆறுதலாக வாசிக்கலாம். நாங்கள் ஒருமுறை போனபோது விலைத்தாளைத்தான் தந்தார்கள், நிபந்தனைகளைக் கேட்டபிறகே அச்சடித்துக் கொடுத்தார்கள். கேட்காமல் வராது. முற்பணம் காசாகத் திரும்புமா, எந்த நாணயத்தில் பதிவு நிற்கிறது, காலாவதித் திகதி எது, பெயர் மாற்ற முடியுமா என்ற நான்குக்கும் அந்தத் தாளில் பதில் இருக்கவேண்டும். வழக்கமான முகவர் இருந்தால் அவரது நிறுவனத்தின் பெயரை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். தரகு அவருக்குப் போவதால் பின்னர் மாற்றம் செய்யும் வேலையையும் அவரே பார்ப்பார். நேரடிப் பதிவைப் பின்னர் முகவருக்கு மாற்றப் பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்களே அவகாசம் உண்டு.

திறந்த வைப்பு வாங்கியவர்கள் சான்றிதழ் இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் கணவன் மனைவி இருவரின் கைப்பேசி நாட்காட்டியிலும், முடிவதற்கு ஆறு மாதம் முன்னர் மணி அடிக்கும்படி, கப்பலை விட்டு இறங்குமுன் போட்டுவிடுங்கள்.