'ஏ' எழுத்தின் வரலாறு

'ஏ' தமிழ் உயிரெழுத்துகளில் எட்டாவது. 'எ' எழுதி, அதன் அடியில் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் 'ஏ' ஆகும். எழுத்து பழையது, கோட்டுக்கு வயது ஏறத்தாழ 300 ஆண்டுகளே.

பிராகிருதம் எழுதப் பயன்பட்ட அசோகர் காலப் பிராமியில் முக்கோண வடிவில் இருந்தது நெடில் ஏகாரம். குறிலுக்குத் தனி எழுத்து அங்கே இல்லை. தமிழுக்கோ இரண்டும் வேண்டும். எனவே குறிலுக்குப் புள்ளி வைத்தார்கள். தொல்காப்பியமும் எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்கிறது. அதாவது அன்று புள்ளியுள்ளது 'எ', புள்ளியில்லாதது 'ஏ'.

நடைமுறையில் புள்ளி விடுபட்டது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வதுண்டு. ஆனால் கல்லிலும் செம்பிலும் அந்த அச்சம் இல்லை. சோழர் காலச் சாசனங்களில் அங்கும் புள்ளி அரிதே. எழுதுவோரின் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு.

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 31 இதழ்கள் கொண்டவை. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த ஆவணம் இது. கிரந்த எழுத்தில் உள்ள சமற்கிருதப் பகுதிக்கு இச்சிக்கல் கிடையாது. அம்மொழியில் குறில் எகரமே இல்லை. தமிழ்ப் பகுதி 524 வரிகள். புள்ளியிடாத எழுத்தில் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றுபோலவே இருக்கும். நில ஆவணத்தில் இது சிறிய விஷயமல்ல. படிப்பவர் இடம் பார்த்தே பொருள் கொண்டார்.

சப்பானிய கானாவும் இதே நிலையைக் கண்டது. அதன் இரகானா 'எ', ஆடையைக் குறிக்கும் சீன எழுத்தை விரைந்து எழுதியதில் பிறந்தது. கத்தகானா 'எ', ஆற்றைக் குறிக்கும் எழுத்தின் வலப்பாதி. 'க' ஒலியிலிருந்து அதன் மெல்லொலியைப் பிரிக்க இன்று கானாவில் இரு சிறு கோடுகள் இடுகிறார்கள். பழைய ஏடுகளில் அவையும் பெரும்பாலும் விடுபட்டன.

தமிழில் தீர்வு தலைகீழாக வந்தது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747) குறிலை விட்டுவிட்டு நெடிலுக்கு அடையாளம் தந்தார் என்பது பொதுவான கருத்து: 'ஏ'க்குச் சாய்கோடு, 'ஓ'வுக்குச் சுழி, 'கே' போன்றவற்றின் கொம்புக்கு இரட்டைச் சுழி. அச்சு அதைப் பரப்பியது. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தம் 'லை', 'ணை' போன்றவற்றை மாற்றியபோதும் 'ஏ'யைத் தொடவில்லை.

இன்று அச்சிட்ட சாசனப் பதிப்புகளில் காணும் 'எ', 'ஏ' வேறுபாடு பெரும்பாலும் செப்பேட்டில் உள்ளதன்று; பதிப்பாசிரியர் படித்த முறை.