மினிடிஸ்க்: உள்ளே போன குரல் வெளியே வராத கதை

வகுப்பில் "மினிடிஸ்க்" என்று சொன்னதும் பக்கத்தில் இருந்தவன், "அது என்னடா, சின்ன சிடியா?" என்று கேட்டான். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உருவம். ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒரு சதுரமான பிளாஸ்டிக் கூடு. கம்ப்யூட்டரில் 'சேவ்' பட்டனில் ஒரு படம் இருக்கிறதே, அந்த ஃபிளாப்பி மாதிரியே இதற்கும் ஒரு சின்னத் தகடுக் கதவு உண்டு. உள்ளே 64 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டு. 120 மில்லிமீட்டர் சிடியில் அடங்கும் 74 நிமிட இசை இதிலும் அடங்கும். அதைவிட முக்கியமானது, இதில் நாமே பதியலாம், அழிக்கலாம், மறுபடி பதியலாம். சோனி நிறுவனம் இதை 1991இல் அறிவித்து, 1992 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

"சரி, நல்ல பொருள்தானே, ஏன் காணாமல் போச்சு?" என்று கேட்டால் எல்லோரும் "ஐபாட் வந்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மினிடிஸ்க் பாட்டு கேட்கும் கருவி மட்டும் அல்ல. அது பதிவு செய்யும் கருவி. ஐபாட் வெளிவந்த நாளில் அதால் எதையும் பதிய முடியாது. அப்படியென்றால் பதிவு செய்கிறவர்களாவது மினிடிஸ்க்கை விடாமல் வைத்திருக்க வேண்டுமே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1987இல் சோனி டாட் என்ற டிஜிட்டல் டேப்பைக் கொண்டுவந்தது. சிடிக்கு இணையான தரத்தில் வீட்டிலேயே பதியலாம் என்றதும் அமெரிக்க இசைக் கம்பெனிகளுக்குத் தூக்கம் போனது. ஒரு சிடி வாங்கினால் தெருவே நகல் எடுத்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். சிபிஎஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் 'காப்பிகோட்' என்று ஒரு வைத்தியம் சொன்னது. பாட்டிலிருந்து குறுகலான ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டி எடுத்துவிடுவது. அந்தப் பள்ளத்தைக் கண்டால் ரெக்கார்டர் பதிய மறுத்துவிடும். 1988இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பு சோதித்துப் பார்த்து, இது சரியாக வேலை செய்யவில்லை, பாட்டையும் கெடுக்கிறது என்று சொல்லிவிட்டது. அத்தோடு அந்த வைத்தியம் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 1988இன் தொடக்கத்தில் சோனி, சிபிஎஸ் ரெக்கார்ட்ஸையே விலைக்கு வாங்கிவிட்டது. நேற்றுவரை எதிர்த்தரப்பில் வாதாடியவர் இன்று வீட்டு மாப்பிள்ளை! ரெக்கார்டர் செய்கிற கம்பெனியும் பாட்டு விற்கிற கம்பெனியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. மினிடிஸ்க் பிறந்தது இந்த வீட்டில்.

1992 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. வீட்டு உபயோக டிஜிட்டல் ரெக்கார்டர்களுக்கு 2 சதவீதமும், பதியாத வெற்று டேப், வட்டுகளுக்கு 3 சதவீதமும் இசைத் துறைக்குக் கட்டணம் போக வேண்டும். கூடவே ஒவ்வொரு கருவியிலும் எஸ்சிஎம்எஸ் என்ற தடுப்பு இருக்க வேண்டும். இதன்படி ஒரு சிடியிலிருந்து டிஜிட்டலாக ஒரு தலைமுறை நகல்தான் எடுக்கலாம். அந்த நகலிலிருந்து மறுநகல் எடுக்க முடியாது. ஏற்பாடெல்லாம் முடிந்த சூட்டோடு மினிடிஸ்க் கடைக்கு வந்தது. பிலிப்ஸும் மட்சுஷிதாவும் சேர்ந்து கிளப்பிய டிசிசி என்ற டிஜிட்டல் கேசட்டும் அதே ஆண்டில்தான் வந்தது. அது 1996இலேயே படுத்துவிட்டது, அதனால் அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

முதல் ரெக்கார்டரின் பெயர் எம்இஸட்-1. அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 750 டாலர். சட்டைப் பைக்குள் போகாது. பேட்டரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் தாங்கும். ஆனால் உள்ளே இருந்த பொறியியலைப் பார்த்தால் இன்றைக்கும் வாய் பிளக்கத் தோன்றும். சாதாரணமாகக் காந்தத்தில் பதிந்ததைக் காந்தமே கெடுத்துவிடும், கேசட் அப்படித்தான் பாழாகும். மினிடிஸ்க்கில், கீழிருந்து ஒரு லேசர் வட்டின் ஒரு புள்ளியை ஏறக்குறைய 180 டிகிரிக்குச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் மட்டும்தான் அந்தப் புள்ளி காந்தத்துக்கு வளைந்து கொடுக்கும். மேலிருந்து ஒரு காந்த ஹெட் அந்த நொடியில் திசையை எழுதிவிடும். சூடு ஆறியதும் எழுத்து உறைந்துவிடும். பிறகு பக்கத்தில் சாதாரணக் காந்தத்தைக் கொண்டுபோனாலும் அசையாது. படிக்கும்போது அதே லேசர், குறைந்த சக்தியில். இத்தனையும் பேட்டரியில் ஓடுகிற ஒரு பெட்டிக்குள்!

சின்ன வட்டில் இவ்வளவு பாட்டு எப்படி அடங்கியது? அட்ராக் என்ற சுருக்கும் முறை. சத்தமான ஒலிக்குப் பக்கத்தில் ஒளிந்துபோகிற மெல்லிய ஒலிகள் நம் காதில் விழாது. அவற்றைக் கழித்துவிட்டுச் சிடியின் தரவை ஐந்தில் ஒன்றாக, விநாடிக்கு 292 கிலோபிட்டாகக் குறைத்தார்கள். எம்பி3 என்ற பெயரே பொதுமக்களுக்குத் தெரியாத காலத்தில் கடையில் கிடைத்த சமாச்சாரம் இது. தொடக்கத்தில் வந்த கருவிகளில் ஒலி கொஞ்சம் கரடுமுரடு என்று விமர்சனம் இருந்தது. சில ஆண்டுகளில் சீர்செய்துவிட்டார்கள். ஓடும்போது அதிர்ந்தால் பாட்டு தாவாமல் இருக்கச் சில விநாடி இசையை முன்கூட்டியே நினைவகத்தில் சேமித்துக்கொள்வதும் இதில் உண்டு.

கையில் வைத்துப் பழகியவர்கள் இன்றும் உருகிப் பேசுவது எடிட்டிங்கைப் பற்றி. வட்டின் ஓரத்தில் டிஓசி என்று ஒரு பொருளடக்கம் இருக்கும். எந்தப் பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு அதில். அதை மட்டும் திருத்தினால் போதும், ஒரு பதிவை இரண்டாக வெட்டலாம், இரண்டை ஒட்டலாம், ஐந்தாவதை முதலாவதாக நகர்த்தலாம், தலைப்பு எழுதலாம். ஒலியை மறுபடி பதிய வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டர் இல்லாமல், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு நேர்காணலில் இருமலை வெட்டி எறியலாம்.

இந்த வசதிக்குள்ளேயே ஒரு கண்ணிவெடியும் இருந்தது. பதிந்து முடித்து 'ஸ்டாப்' அழுத்திய பிறகுதான் டிஓசி எழுதப்படும். அதற்குள் பேட்டரியைக் கழற்றினால், மின்சாரம் போனால், ஒரு மணி நேரப் பதிவு கணக்கிலேயே வராது. ஒலி வட்டில் இருக்கும், ஆனால் கருவியைப் பொறுத்தவரை அது வெற்று வட்டு. வேறொரு வட்டின் டிஓசியை இதன் மேல் எழுத வைத்து, தொலைந்த பதிவை மீட்கிற குறுக்கு வழியைப் பயனர்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு தொல்லை, சோனி போர்ட்டபிள்கள் பலவற்றில் பதிவின் அளவை நாமே அமைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அமைக்க வேண்டும். மறந்தால் கருவி தன் இஷ்டத்துக்குச் சத்தத்தை ஏற்றி இறக்கும்.

ஜப்பானில் இது நன்றாகவே ஓடியது. அங்கே 1980களிலிருந்தே சிடி வாடகைக் கடைகள் சட்டப்படி நடந்தன. வாடகைக்கு எடு, வீட்டில் ஆப்டிக்கல் கம்பியில் மினிடிஸ்க்குக்கு மாற்று, மறுநாள் திருப்பிக் கொடு. (நம்மூர் கேசட் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துவிட்டு வந்த தலைமுறைக்கு இது உடனே புரியும்.) அமெரிக்காவில் அப்படி வாடகைக் கடை கிடையாது. பாட்டு நிரப்பி வந்த மினிடிஸ்க்குகளும் அங்கே விற்கவில்லை.

ஆனால் மேற்கே ஒரு சிறு கூட்டம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வானொலி நிருபர்கள், நாடக அரங்கில் ஒலி அமைப்பவர்கள், கச்சேரியில் மைக்கை மறைத்துக்கொண்டு போகிறவர்கள், கிராமம் கிராமமாகப் போய்ப் பேச்சைப் பதியும் மொழியியலாளர்கள். அழிந்துவரும் மொழிகளைப் பதிகிற ஆய்வாளர்களிடையே, அட்ராக் கழித்துவிட்ட ஒலி நாளைக்குத் தேவைப்படாதா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆவணக் காப்பகங்கள் இதில் பதிய வேண்டாம் என்றன. நியாயம்தான். ஆனாலும் பையில் கொண்டுபோகக் கூடிய, கட்டுப்படியாகும் வேறு டிஜிட்டல் ரெக்கார்டர் அப்போது எத்தனை இருந்தன?

இப்போது அந்தக் கதவுக்கு வருவோம். பெரும்பாலான போர்ட்டபிள்களில் டிஜிட்டலாக ஒலி உள்ளே வர வழி உண்டு. வெளியே போக வழி இல்லை. ஹெட்போன் துளையிலிருந்து கம்பி இழுத்து, 74 நிமிடப் பதிவை 74 நிமிடம் ஓடவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். 1993இல் 140 மெகாபைட் கொள்ளும் 'எம்டி டேட்டா' வட்டைச் சோனியே கொண்டுவந்தது. ஃபிளாப்பி 1.44 மெகாபைட்டாக இருந்த காலம் அது! ஆனால் அதற்குத் தனி வட்டு, தனி டிரைவ். பாட்டு வட்டில் கோப்பு எழுத முடியாது. ஒரே கருவியில் இரண்டையும் சேர்த்திருந்தால் கதையே வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

2001இல் யூஎஸ்பி வைத்த நெட்எம்டி வந்தது. அப்பாடா என்று வாங்கியவர்களுக்கு அதிர்ச்சி. கம்ப்யூட்டரிலிருந்து வட்டுக்குப் பாட்டு வேகமாக இறங்கும், அதுவும் ஒரு பாட்டை மூன்று முறைதான் 'கடன்' கொடுக்கலாம் என்ற கணக்கோடு. நீங்கள் மைக்கில் பதிந்த உங்கள் பாட்டியின் குரலை அதே கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற முடியாது. அந்தக் குரலுக்கு எந்த இசைக் கம்பெனியும் உரிமை கொண்டாடப் போவதில்லை. இருந்தாலும் கதவு எல்லோருக்கும் சேர்த்துத்தான் பூட்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் ஆப்பிள், 5 ஜிகாபைட் ஐபாடை 399 டாலருக்கு அறிவித்தது. அதற்குப் பாட்டு விற்கும் கம்பெனி எதுவும் சொந்தமாக இல்லை.

இது என் ஊகம் மட்டும் அல்ல. பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குடராகி, 2005 ஜனவரியில் டோக்கியோவில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் முன் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இசை, திரைப்பட உரிமைகள் பற்றிய கவலையால் நிர்வாகம் தயங்கியது, அதில் தானும் மற்ற பொறியாளர்களும் ஆண்டுக்கணக்கில் வெறுத்துப்போயிருந்தோம் என்ற பொருளில் பேசினார்.

கதவு மெல்லத் திறந்தது. 2004இல் 1 ஜிகாபைட் ஹை-எம்டி வந்தது. சுருக்காமலே 94 நிமிடம் பதியலாம், கம்ப்யூட்டருக்கும் ஏற்றலாம். ஆனால் புதிய முறையில் பதிந்ததை மட்டும். 1992இலிருந்து மக்கள் சேர்த்து வைத்த பழைய பதிவுகளையும் யூஎஸ்பி வழியாக எடுக்கலாம் என்று வந்தது 2006இன் எம்இஸட்-ஆர்எச்1. அதுதான் கடைசி மாடலும். 2011இல் அதையும் நிறுத்தினார்கள். பழைய பதிவை எடுக்கிற ஆசையால் பழைய பொருள் சந்தையில் அதன் விலை ஏறிக்கொண்டே போனது.

2019இல் ரேடியோஹெட் குழுவின் பாடகர் தாம் யார்க்கின் மினிடிஸ்க் பதிவுகள் திருடு போயின. 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பக் காலத்து ஒத்திகைகளும் அரைகுறைப் பாடல்களும் 18 வட்டுகளில், 16 மணி நேரத்துக்கு மேல். பணம் கேட்டு மிரட்டல் என்ற செய்தி வந்ததும் குழுவே அத்தனையையும் 18 பவுண்டுக்கு 18 நாட்கள் விற்று, வந்த தொகையைச் சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. அந்த வட்டுகள் மட்டும் அல்ல, உலகம் முழுக்க மேசை இழுப்பறைகளில் இப்படி எத்தனை கிடக்கும்?

பூட்டைக் கடைசியில் உடைத்தது ஆர்வலர்கள். நெட்எம்டியின் ரகசிய மொழியைப் பொறுமையாகப் பிரித்துப் படித்து, பிரவுசரிலேயே இயங்கும் 'வெப் மினிடிஸ்க்' என்ற செயலியை 2020இல் வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சோனியின் பல பழைய நெட்எம்டி போர்ட்டபிள்களிலிருந்து பதிவுகளை யூஎஸ்பி வழியாகவே வெளியே எடுக்கும் வழியையும் கண்டுபிடித்தார்கள். 2001இல் வாங்கிய பெட்டியில் அப்போதே இருந்த அதே யூஎஸ்பி துளை வழியாகத்தான்.

2025 பிப்ரவரியோடு சோனி, பதிவு செய்யும் மினிடிஸ்க் வட்டுகள் தயாரிப்பதையும் நிறுத்திவிட்டது. வீட்டில் யாராவது பழைய வட்டு வைத்திருந்தால் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். டிஓசி சரியாக இருந்தால், உள்ளே இருப்பதை இப்போது எடுத்துவிடலாம்.