மரத்தைச் செடியாக்கிய கைகள்: கேமரன் மலைத் தேயிலையும் கவாத்து நுட்பமும்

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் தேயிலையைச் செடி என்றே அழைக்கிறோம். தாவர இயல்பில் அது மரம். வெட்டாமல் விட்டால் அசாம் வகைத் தேயிலை 10 மீட்டருக்கு மேலும் வளரும். காட்டுமரத்தைக் கொண்டுவந்து, வெட்டிக் குறுக்கி, விரும்பிய வடிவத்துக்குப் பழக்குவது போன்சாய்க் கலையின் ஒரு பிரிவு. ஏறத்தாழ அதே நுட்பம் ஆயிரக்கணக்கான ஏக்கரில், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் கைகளால், தேயிலையில் நிகழ்ந்திருக்கிறது. அந்நுட்பம் அசாம் காட்டிலிருந்து கேமரன் மலைவரை வந்த தடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்ட வரலாற்றில் உழைப்பாக மட்டுமே பதிவான கவாத்தை (செடியை அளவாக வெட்டிப் பழக்கும் வேலையை), ஒரு தேர்ச்சியாகவும் படிக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

காட்டுமரமும் அடிக்கட்டையும்

தொட்டியில் குறுமரம் வளர்க்கும் வழக்கம் சீனாவில் தொன்மையானது. கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் லீ சியானின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டை ஏந்திய பணியாளர் உருவம் உண்டு. பின்னாளில் ஜப்பானியர் மலைமுகடுகளில் காற்றாலும் பனியாலும் குறுகிய மரங்களைத் தேடியெடுத்துத் தொட்டியில் பழக்குவதைத் தனிக் கலையாகவே வளர்த்தனர்.

தேயிலையின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 1823-இல் மேல் அசாமில் சிங்போ பழங்குடித் தலைவர் பீசா காம் வழியாக ஸ்காட்லாந்து வணிகர் ராபர்ட் புரூஸ் காட்டுத் தேயிலையைப் பற்றி அறிந்தார். 1834-இல் அமைக்கப்பட்ட தேயிலைக் குழு அது உண்மையான தேயிலையே என்று உறுதிசெய்தது. ராபர்ட்டின் தம்பி சார்லஸ் புரூஸ் காட்டிலேயே தேயிலைத் திட்டுகளைத் திருத்தினார். கன்றுகளைப் பெயர்த்தும் நட்டார். வெட்டி எரித்த தேயிலையின் அடிக்கட்டை பல தளிர்களாக மீண்டும் வெடிப்பதை அவர் கவனித்துப் பதிவுசெய்தார். ஒற்றைத் தண்டு மரம் பல கிளைப் புதராக மாறக்கூடியது என்பதற்கு அது சான்றானது. 1839 ஜனவரியில் அசாம் தேயிலை லண்டனில் ஏலம் போனது.

மலாயாவுக்கு வந்த வழி

1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். காப்பி இலைநோயால் அழிந்தபின், அங்கே மலையகமெங்கும் தேயிலை பரவியது; அதில் உழைத்தவர்கள் தமிழர்.

மலாயாவுக்குத் தேயிலை தாமதமாகவே வந்தது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-இல் கேமரன் மலையை அளந்தார். 1929-இல் தொழிலதிபர் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இலேயே முடிந்துவிட்டதால், இங்கே ஆள் சேர்ந்தது, ஊரிலிருந்து ஆள் திரட்டும் கங்காணி வழியாகவும் தாமாக வந்தவர்களாலும்தான். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது. அதன்பின் தோட்ட வேலையை ஏற்கெனவே வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே தொடர்ந்தனர்.

கத்தி செய்யும் வேலை

நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளரூக்கி பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் அடக்கம் நீங்கிப் பக்கக்கிளைகள் எழும். போன்சாய்க்கும் கவாத்துக்கும் இதுவே அடிப்படை. இளஞ்செடி வேரூன்றியதும் நடுத்தண்டை ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் வெட்டுவார்கள். கிளைகள் விரிந்தபின் நுனி கிள்ளி, மேற்பரப்பு சமமாகும்படி மட்டம் கட்டுவார்கள். பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து.

அப்போது ஒவ்வொரு செடியிலும் சில முடிவுகள் எடுக்க வேண்டும். பட்ட கிளை, குறுக்கே ஓடும் கிளை, மெலிந்த குச்சி ஆகியன போக வேண்டும். தண்ணீர் தங்கி அழுகாதபடி வெட்டு சாய்வாக, பிசிறின்றி விழ வேண்டும். வேரில் மாவுச்சத்து குறைவாக இருந்தால், இலையோடு ஓரிரு கிளையை விட்டுவைப்பதுண்டு. புதுத்தளிர் வரும்வரை அவை செடிக்கு உணவூட்டும். காட்டிலிருந்து பெயர்த்த ஊசியிலை மரத்தில் உயிர்க்கிளை ஒன்றையேனும் போன்சாய்க் கலைஞர் காப்பதும் இதே கவலையால்தான். எத்தனை அங்குலத்தில் வெட்டுவது என்பதைத் தோட்ட மேலாளரான துரை சொல்லலாம். எந்தக் கிளை நிற்கும், எது போகும் என்பதைச் செடியருகே நிற்பவரே முடிவுசெய்தார். கத்தி பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தது. கொழுந்தெடுத்து மட்டத்தைக் காத்தவர்கள் பெண்கள்.

ஒப்புமையின் எல்லை

போன்சாய் வேரையும் அடக்கும். தேயிலை வேரை மண்ணில் தாராளமாக ஓடவிடும். தொட்டிமரத்தில் தனித்தன்மை வேண்டும். தோட்டத்தில் ஒரு செடி மற்றொன்றைப் போல இருக்க வேண்டும். காட்டிலிருந்து மரம் எடுப்பதிலும் எல்லை உண்டு. தானா ராத்தாவுக்கு வடக்கே பிரிஞ்சாங் மலையுச்சியில், 2,000 மீட்டருக்கு மேல், மூடுபனியும் காற்றும் சத்தற்ற அமிலமண்ணும் மரங்களை இயல்பாகவே குறுக்கியிருக்கின்றன. பாசி போர்த்திய அந்த முறுக்குமரங்கள் போன்சாய் ஆர்வலர் கண்ணை இழுக்கும். ஆனால் 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட நிரந்தரக் காட்டிலிருந்து உரிமமின்றி எதையும் எடுத்துவர முடியாது.

முடிவுரை

இன்று கொழுந்தெடுப்பில் கத்தரியும் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலையில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கின்றனர். தோட்டத்தின் கூலிப் பதிவேடான செக்ரோலில் பழைய கவாத்துக்காரரின் பெயரும் கூலியும் இருக்கும். எந்தக் கிளையை ஏன் விட்டார் என்பது இராது. அதற்குச் சான்று இரண்டு இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. ஒன்று, ஓய்வுபெற்ற தொழிலாளர் நினைவு. மற்றொன்று, முதல் தலைமுறைச் செடிகளின் அடிச்சட்டகம்: ஒவ்வொரு கவாத்தும் அதில் முடிச்சாகப் பதிந்திருக்கிறது. மறுநடவுக்காகப் பழஞ்செடிகளைப் பிடுங்கும்போது அந்த ஆவணமும் போகிறது. பிடுங்குமுன் அவற்றின் கிளையமைப்பை வரைந்தும் படமெடுத்தும், கவாத்து அறிந்த முதியோரின் விளக்கத்தோடு சேர்த்துப் பதிவுசெய்வதே அடுத்த ஆய்வின் முதல் பணி.