சும்பாவாவும் ஜோனும்

1928 அக்டோபர் 23. லண்டன் விலங்கியல் சங்கத்தின் அறிவியல் கூட்டம். மேசை மீது ஒரு கொமோடோ டிராகன் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்து பெரிய கோழி, முட்டைகள், புறா என்று ஒவ்வொன்றாக வாங்கி விழுங்கியது. தொண்டை புடைக்க அது திணறும் வேளையிலும் அந்தப் பெண் தட்டிக்கொடுத்தார், சொறிந்துவிட்டார். அது பேசாமல் இருந்தது.

டிராகனின் பெயர் சும்பாவா. சொறிந்துவிட்டவர் ஜோன் புரோக்டர், லண்டன் மிருகக்காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளர். வயது 31.

டிராகன் என்றாலும் அது உடும்புதான். நம் வயல்வரப்பில் ஓடுகிற உடும்பின் பெரிய பங்காளி. பத்தடி வரை வளரும். அறிவியல் உலகுக்கு அதை 1912இல் அறிமுகப்படுத்தியவர், ஜாவாவில் அருங்காட்சியகம் நடத்திய பீட்டர் ஔவென்ஸ். 1926இல் அமெரிக்கரான டக்ளஸ் பர்டன் இரண்டை உயிரோடு பிடித்து நியூயார்க்கிற்குக் கொண்டுபோனார். அவை அதிக நாள் தாங்கவில்லை. மறு ஆண்டு லண்டனுக்கு இரண்டு வந்தன. அவற்றுக்குச் சும்பா, சும்பாவா என்று இரண்டு தீவுகளின் பெயரையே வைத்தார்கள்.

ஜோனுக்கு ஊர்வனவற்றோடு பழகுவது புதிது அல்ல. சிறுமியாக இருந்தபோதே பல்லியும் பாம்பும் வளர்த்தவர். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் குட்டி முதலையைத் தூக்கிக்கொண்டு போனவர். கணக்கு வகுப்பு என்ன பாடுபட்டிருக்கும்! தீராத வயிற்று நோயால் பல்கலைக்கழகப் படிப்பு கைகூடவில்லை. ஆனாலும் 1923இல் ஊர்வனப் பிரிவு அவர் கைக்கு வந்தது. 1927இல் திறந்த புது ஊர்வன இல்லத்தை வடிவமைத்ததில் பெரும்பங்கு அவருடையது. ஒவ்வொரு பிராணிக்கும் ஏற்ற சூடும் வெளிச்சமும் அங்கே கிடைத்தன. குளிரில் வெடவெடக்கும் உடும்பை யார் பழக்க முடியும்?

உடும்புக் குட்டியைக் கையில் எடுத்தவருக்கு அதன் குணம் தெரியும். கழுத்தை உப்பவைக்கும், சீறும், வாலைச் சாட்டைபோல் வீசும், சமயத்தில் கடிக்கும். பார்ப்பவர்கள் முரட்டுப் பிறவி என்பார்கள். உண்மையில் அது பயம். கொமோடோ குட்டிகள் முட்டையிலிருந்து வந்ததும் மரமேறிவிடுகின்றன. கீழே இருந்தால் பெரியவையே தின்றுவிடும். சொந்த இனத்துக்கே அஞ்சிப் பிறந்த உயிருக்கு, மேலிருந்து இறங்கும் மனிதக் கை வேறென்னவாகத் தெரியும்? அதட்டினால் பயம் கூடுமே தவிர, இணக்கம் வராது.

கொமோடோவுக்குக் காது கேட்காது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் இருந்தது. ஜோன் அதைச் சோதித்தார். ஆள் கண்ணுக்குப் படாமல் நின்று குரல் மட்டும் கொடுக்க, உணவுக்காக அது வெளியே வந்தது. குரலுக்கும் சாப்பாட்டுக்கும் அது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

சும்பாவாவை அவர் தோட்டத்தில் நடக்கவும் கூட்டிப்போனார். வாலைப் பிடித்துப் படகின் சுக்கான்போல் இப்படியும் அப்படியும் திருப்பினால் போதும், அது திசை மாறும். பிள்ளைகள் தொட்டுத் தடவினார்கள். உடல் தளர்ந்து ஜோன் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் சும்பாவா கூடவே நடந்தது.

இதையெல்லாம் வைத்து அவர் ஏமாந்துவிடவில்லை. நாய்போல் சாது என்று எழுதியவர், நினைத்தால் ஆளைக் கொல்லக்கூடியது என்பதையும் சேர்த்தே எழுதினார். நியாயமான எச்சரிக்கைதான். 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் மிருகக்காட்சி சாலையில் கொமோடோவின் கூண்டுக்குள் போன ஒரு பத்திரிகை ஆசிரியர், வெள்ளை எலி என்று அது நினைத்துவிடக் கூடாதே என வெள்ளைக் காலணியைக் கழற்றிவிட்டு நின்றார். அது காலையே கடித்தது.

1931 செப்டம்பரில், 34 வயதில், ஜோன் இறந்தார்.

இதைப் படித்து உடும்புக் குட்டி வளர்க்க ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவில் உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வீட்டுக்குள் ஒன்று வழிதவறி வந்தால், வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.