புல்வெட்டும் யந்திரம் வந்த வரலாறு

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து தில்லியிலும், நாகபுரியிலும், போபாலிலும், ஜாம்ஷெட்பூரிலும் குடியமர்ந்த நம்மவர்க்குத் தோட்டத்துடன் கூடிய வீடு வாய்க்குமாயின், அதனோடு புதியதொரு கவலையும் வந்து சேர்கிறது. வீட்டின் முன்னே விரிந்து கிடக்கும் புல்தரையே அக்கவலை. நம் ஊர்ப்புறத்தில் வாசல் என்பது நீர் தெளித்துக் கோலமிடும் இடம். கொல்லை என்பது வாழையும் முருங்கையும் நிற்கும் இடம். அங்கே புல் முளைத்தால் களைந்தெறிவோமேயன்றி, நீர் வார்த்து வளர்த்துப் பின் அதனையே வெட்டுவதற்கென ஒரு யந்திரம் வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை.

ஆயினும், மழைக்காலம் வந்ததும் புல் நம் தயக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. கடைக்குச் சென்றால் கையால் தள்ளுவது, மின்சாரத்தால் ஓடுவது, பெட்ரோலால் ஓடுவது என்று பலவற்றை எடுத்து வைக்கிறார்கள். விலை மிகுந்ததே சிறந்தது போலும் என்று மயங்குகிறோம். இவை ஒவ்வொன்றும் எந்த நிலத்துக்காக, யாருடைய உழைப்பை மிச்சப்படுத்துவதற்காகத் தோன்றின என்பதை அறிந்தால் அம்மயக்கம் தீரும். ஆதலின் அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர்கள் தம் மாளிகைகளைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளை அமைத்தனர். பிரவுன் என்னும் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் இம்முறையை நாடெங்கும் பரப்பினார். தொலைவிலுள்ள புல்லை ஆடுகள் மேய்ந்து குறைத்தன. மாளிகையை ஒட்டிய புல்லையோ ஆட்களே அறுத்தாக வேண்டும். நீண்ட பிடியுடைய அரிவாளை ஏந்தி, பனி உலர்வதற்குள், விடியற்காலையிலேயே அவர்கள் வரிசையாக நின்று வீசியறுப்பர். ஈரம் இருந்தால்தான் புல் அரிவாளுக்கு நின்று கொடுக்கும். பின்னால் பெண்களும் சிறுவர்களும் வந்து அறுத்த புல்லைக் கூட்டி அள்ளுவர். சீரான புல்தரை என்பது இத்தனை பேருக்குக் கூலி கொடுக்க வல்லவரின் உடைமையாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றிய கருவி தோட்டத்தில் பிறக்கவில்லை. துணி ஆலையில் பிறந்தது என்பதே வியப்பு. குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்னும் ஊர் கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்த கம்பளியின்மேல் எழும் நுண்மயிரைச் சமமாகக் கத்தரித்தால்தான் துணிக்கு வழவழப்பு உண்டாகும். முற்காலத்தில் கனத்த கத்தரிகளைக் கொண்டு கைத்தொழிலாளரே இதனைச் செய்தனர். பின்னர் இவ்வேலைக்கு யந்திரங்கள் வந்தன; அவர்களுடைய பிழைப்புக்கு ஆபத்தும் வந்தது. 1802ஆம் ஆண்டில் அண்டை மாவட்டமாகிய வில்ட்ஷயரில் கலவரம் மூண்டது. ஆலையொன்றை எரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தாமஸ் ஹெல்லிக்கர் என்னும் 19 வயது இளைஞன் 1803இல் தூக்கிலிடப்பட்டான். அவன் குற்றமற்றவன் என்றே அவ்வட்டாரத்து மக்கள் நம்பினர். நாம் இன்று தோட்டத்தில் இலேசாகத் தள்ளிச் செல்லும் பொறியின் முன்னோர் வரலாற்றில் இத்தகைய துயரமும் உண்டு.

அந்த ஆலை யந்திரத்தில், திருகாக வளைந்த கத்திகள் பொருத்திய உருளை ஒன்று, அசையாத தட்டைக் கத்தி ஒன்றின்மேல் உரசிச் சுழலும். இடையில் அகப்பட்ட மயிர் கத்தரியில் அகப்பட்டது போல நறுக்கப்படும். இதனைக் கண்டு பழகியிருந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்னும் யந்திரத் தொழிலாளர், கம்பளியின் மயிரை வெட்டுவது புல்லையும் வெட்டாதா என்று எண்ணினார். ஜான் ஃபெராபி என்பார் பொருளுதவி செய்ய, 1830ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய கருவி காப்புரிமை பெற்றது. வெட்டும் அகலம் 19 அங்குலம். பின்புறத்து இரும்புருளை தரையில் உருள, பற்சக்கரங்கள் அவ்வியக்கத்தைக் கத்தியுருளைக்குக் கொண்டு செல்லும். பளு மிகுதியாதலால் ஒருவர் பின்னின்று தள்ள, மற்றொருவர் முன்னின்று இழுக்கவும் கைப்பிடி வைத்திருந்தார். நாட்டுப்புறச் செல்வர்கள் தாமே இதனைத் தள்ளினால் அது பொழுதுபோக்கும் உடற்பயிற்சியும் ஆகும் என்று காப்புரிமைப் பத்திரத்திலேயே அவர் எழுதி வைத்தார்.

இலண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கிலுள்ள விலங்குக் காட்சிச்சாலை இதனை முதலில் வாங்கியோருள் ஒன்று. அரிவாளும் துடைப்பமும் ஏந்திய ஆறு முதல் எட்டுப் பேரின் வேலையை இது செய்கிறது என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் சான்று கூறினார். அந்த ஆறெட்டுப் பேர் அதன்பின் எங்கே வேலை தேடினர் என்பதை அச்சான்று கூறவில்லை. 1832இல் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம் தொழிற்சாலையும் உரிமம் பெற்று இக்கருவியைச் செய்யலாயிற்று.

பின்னர் வந்த மாறுதல்கள் யாவும் நிலத்தின் அளவை ஒட்டி வந்தவையே. பரந்த வெளிகளுக்காக, ஸ்காட்லாந்தில் ஆர்பிராத் ஊரினரான அலெக்ஸாண்டர் ஷாங்க்ஸ் 1842இல் மட்டக் குதிரை இழுக்கும் யந்திரத்தை அமைத்தார். குளம்பின் தடம் புல்லில் பதியாதிருக்கக் குதிரைக்குத் தோல் காலணி மாட்டும் வழக்கமும் எழுந்தது! 1893இல் ஜேம்ஸ் சம்னர் நீராவியால் ஓடுவதைச் செய்தார். 1902இல் ரான்ஸம் தொழிற்சாலை பெட்ரோலால் ஓடுவதை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவை எல்லாம் பெருந்தோட்டங்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் உரியவை. 1952இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மெர்வின் ரிச்சர்ட்ஸன் என்பவர், தரைக்கு இணையாகக் காற்றாடி போலச் சுழலும் கத்தியுடைய ‘விக்டா’ யந்திரத்தைச் செய்தார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் கலமாக அமைந்தது பழம் அடைத்து விற்கும் ஒரு தகர டப்பா. முரட்டுப் புல்லும் மேடுபள்ளமும் நிறைந்த கொல்லைகளுக்கு அது ஏற்றதாயிற்று.

நம் நாட்டுக்கு இப்புல்தரை ஆங்கிலேயருடன் வந்தது. அவர்களுடைய பங்களாக்களிலும், மைதானங்களிலும், 1931இல் திறந்து வைக்கப்பெற்ற புதுதில்லியிலும் அது விரிந்தது. மரங்கள் செறிந்திருந்த தாஜ்மஹால் தோட்டமும் கர்ஸன் பிரபுவின் காலத்தில் புல்வெளியாக மாற்றப்பட்டது. இங்கே குதிரைக்கு மாற்றாகக் காளைகள் வந்தன; தில்லிப் பூங்காக்களில் காளைகள் புல்வெட்டியை இழுத்துச் சென்ற காட்சி நெடுங்காலம் நிலவியது. யந்திரமும் வழக்கமும் அயல்நாட்டவை. புல் மட்டும் நம்முடையது. வடக்கே ‘தூப்’ என்று மாலி சொல்லும் புல், நாம் பிள்ளையாருக்குச் சார்த்தும் அறுகேயன்றி வேறன்று.

இனி, எதனை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். வீட்டளவான சிறு புல்தரைக்கு, பட்டிங் வகுத்த முறையில் அமைந்த, கையால் தள்ளும் உருளை யந்திரமே போதும். அறுகு தாழப் படர்வது. கத்தரி போன்ற வெட்டு அதற்கு உகந்தது. சுழற்கத்தியோ வேகத்தால் அடித்து அறுப்பது. கூர் மழுங்கினால் நுனியைக் கிழித்துப் பழுப்பாக்கிவிடும். உருளை யந்திரத்தை வாங்குமுன், காகிதத் துண்டு ஒன்றைக் கத்திகளுக்கிடையே வைத்து உருளையை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஆனால் விரல் கத்திக்கு அருகே செல்லலாகாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காகிதம் சுத்தமாக நறுக்கப்பட்டால் பொறி நன்று. வெட்டும் உயரத்தை மாற்ற வசதி உண்டா என்பதையும் பாருங்கள்.

இதற்கும் ஒரு குறை உண்டு. முழங்காலளவு வளர்ந்த புல்லை இது வெட்டாது. சாய்த்துவிட்டு மேலே செல்லும். முதலில் அரிவாளால் குறைத்த பின்னரே இதனை ஓட்டவேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வெட்டி வந்தால் அந்நிலை நேராது. வடக்கின் குளிர்காலத்தில் அறுகு உறங்குவதால் யந்திரமும் ஓய்வு கொள்ளலாம். நிலம் பெரிதாகவோ, மேடுபள்ளமாகவோ, கரடாகவோ இருப்பின் சுழற்கத்தி யந்திரத்தை நாடுக. மின்கம்பியுடன் ஓடுவதாயின் ஈரப்புல்லில் ஒருபோதும் ஓட்டலாகாது.

இறுதியாக ஒன்று. இதனைத் தள்ளப் போவது யார்? நாமே எனில், பட்டிங் சொன்ன உடற்பயிற்சி நமக்குக் கிட்டும். மாலியே எனில், வாங்குமுன் அவரையும் கடைக்கு அழைத்துச் சென்று கைப்பிடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுவோம். பொறி வந்ததனால் வேலை விரைந்து முடிகிறதென்று அவருடைய கூலியைக் குறைக்காதிருப்போம். கத்தரித் தொழிலாளர் முதல் அரிவாள் ஏந்தியோர் வரை, இவ்வியந்திரம் வந்த வழியெங்கும் பிழைப்பை இழந்து நின்றோர் பலர். நம் வாசலிலேனும் அது ஒருவருடைய முதுகு வலியை மட்டும் போக்குவதாக அமையட்டும்.