கருவாடும் ஒயினும்: ஒரு வியாபாரக் கணக்கு

நம் குடியிருப்பில் சைவர்கள் உண்டு. மதுவைத் தொடாதவர்களும் நிறைய உண்டு. அவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இது சமையல் குறிப்பு அல்ல. ஒரு தட்டு மீனுக்கும் ஒரு கோப்பை ஒயினுக்கும் பின்னால் உள்ள ஐந்நூறு வருட வரவு செலவு.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் பிறந்த ஒரு பதார்த்தம், கோமஸ் டி சா என்ற மீன் வியாபாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறப்போட்டு, பல முறை நீர் மாற்றி, உப்பை இறக்குவார்கள். முள் நீக்கி, சூடான பாலில் ஊறவைப்பார்கள். பிறகு ஆலிவ் எண்ணெயில் வதக்கிய வெங்காயம், பூண்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லைகளுடன் அடுக்கி அடுப்பில் சுடுவார்கள். மேலே வெந்த முட்டையும் கறுப்பு ஆலிவும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காட் மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதே இல்லை!

1497-ல் இங்கிலாந்து மன்னருக்காகக் கடல் கடந்த ஜான் கபோட், வட அமெரிக்கக் கரையில் காட் மீன் குவிந்து கிடப்பதைக் கண்டார். கொழுப்பு குறைந்த வெள்ளை மீன் என்பதால் உப்பிட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கத்தோலிக்கர்களின் விரத நாட்களில் மாமிசம் கூடாது, மீன் கூடும். சந்தை தயாராக இருந்தது. நியூஃபவுண்ட்லாந்து மீனை இங்கிலாந்துக் கப்பல்கள் போர்ச்சுகலில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன.

1703-ல் வந்தது மெத்துவன் ஒப்பந்தம். இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகல் கதவு திறந்தது. பதிலுக்குப் போர்ச்சுகல் ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைந்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பெயர் நினைவுக்கு வரும்: டேவிட் ரிக்கார்டோ. 1817-ல் அவர் போட்ட உதாரணக் கணக்கில், துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர், போர்ச்சுகலுக்கு 90 பேர். ஒயின் தயாரிக்க இங்கிலாந்துக்கு 120 பேர், போர்ச்சுகலுக்கு 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி என்றாலும், ஆளுக்கு ஒன்றைச் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்றார்.

ஆனால் போர்ட்டோவின் ஒயின் ஏற்றுமதி பெரும்பாலும் ஆங்கில வியாபாரிகள் கையில் இருந்தது. அந்தப் பிடியைத் தளர்த்தவே 1756-ல் போம்பால் ஒரு கம்பெனி அமைத்து, டோரோ பள்ளத்தாக்கின் திராட்சைப் பகுதிக்கு எல்லை வகுத்தார். மறுவருடமே போர்ட்டோவில் கம்பெனிக்கு எதிராகக் கலகம் வெடித்தது, பலர் தூக்கிலிடப்பட்டார்கள்.

வெள்ளை மீனுக்கு வெள்ளை ஒயின் என்பது உலக வழக்கு. சிவப்பு ஒயினின் துவர்ப்பு மென்மையான மீனோடு சேராது, புளிப்பான வெள்ளை ஒயின் எலுமிச்சை பிழிந்தது போல எடுபடும் என்பார்கள். போர்ச்சுகீசியர்கள் இதற்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. உப்புக் காட் மீனின் ருசி அழுத்தமானது. ஆலிவ் எண்ணெயும் சேர்கிறது. ஆகவே வடக்கின் 'வின்யு வெர்டே'யும் அருந்துவார்கள், சிவப்பு ஒயினும் அருந்துவார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சலாசார் அரசு தன் கப்பல்களையே பெருமளவில் அனுப்பியது. நடுக்கடலில் தாய்க்கப்பலிலிருந்து சிறு படகுகள் இறங்கும். படகுக்கு ஒரே ஆள். மூடுபனியில் திரும்பாமல் போனவர்கள் உண்டு.

பிறகு பல நாடுகளின் ராட்சத இழுவலைக் கப்பல்கள் வந்தன. 1968-ல் அந்த வடகாட் மீன் பிடிப்பு சுமார் 8 லட்சம் டன்னைத் தொட்டது. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். 2024-ல்தான் தடை விலகியது. அனுமதித்த அளவு 18,000 டன்.

வங்கியில் வட்டியை மட்டும் எடுத்தால் அசல் நிற்கும். இங்கே தலைமுறை தலைமுறையாக வட்டி என்று எண்ணி, கடைசியில் அசலையே எடுத்துவிட்டார்கள். ரிக்கார்டோவின் கணக்கில் துணியும் ஒயினும் இருந்தன; அந்த ஒயினுக்கு ஈடாக இறங்கிய மீனுக்குப் பேரேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை. இன்றும் கிறிஸ்துமஸ் முன்னிரவில் போர்ச்சுகலில் அதே மீன்தான் பரிமாறப்படுகிறது. பெரும்பாலும் நார்வேயிலிருந்து, காசு கொடுத்து வாங்கி.