கையால் முதுகுவலி தீர்க்கும் இரு முறைகள்

மருந்தின்றிக் கையாலேயே முதுகுவலிக்குச் சிகிச்சை செய்யும் இரு முறைகள் அமெரிக்காவில் தோன்றின. 1864-இல் மூளையுறை அழற்சிக்குத் தம் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்தார். 1874-இல் ஆஸ்டியோபதியை அறிவித்து, 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில்லில் கல்லூரியும் நிறுவினார். 1895-இல் டாவன்போர்ட் நகரில் டி. டி. பாமர், செவிப்புலன் குன்றிய ஒரு தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திக் குணம் கண்டதாகக் கூறிக் கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். முன்னவர் இரத்த ஓட்டத்தையும், பின்னவர் நரம்பையும் அடிப்படையாகக் கொண்டனர்.

பின்னர் வழிகள் பிரிந்தன. இன்று அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் மருந்தெழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்றவர். கைரோபிராக்டர் அத்தகையவர் அல்லர். பிரிட்டனிலோ 1993, 1994 ஆண்டுச் சட்டங்களின்படி இருவருமே பதிவுபெற்ற கைச்சிகிச்சையாளர்கள். ஆகவே பெயரை நம்பாது, அந்நாட்டில் அப்பெயருக்குரிய பயிற்சியையும் பதிவையும் விசாரித்தறிவதே அறிவுடைமை. கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க இயலாது போனாலோ, கைச்சிகிச்சைக்குக் காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.